பேர் சொல்லிட்டாங்க, இப்ப என்ன பண்றது? மாஃபியா ஆட்டத்தில் சந்தேகம் உங்கள் மேல் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளியில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் மாஃபியா ஆடுகிறோம். கம்பம், கூடலூர், லோயர் கேம்பிலிருந்து மலைப்பாதையில் பஸ் ஏறி வருகிறவர்கள் பாதி. குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஆட்கள் மீதி. பேச்சு தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். பெரும்பாலும் ஆட்டத்தை நடத்துகிறவன் நான். புதிதாக வருகிறவர்கள் பொய் சொல்லும் வித்தையைத்தான் கேட்பார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அவர்கள் கேட்பது வேறு. "உண்மையைத்தானே சொன்னேன், ஏன் யாருமே நம்பல?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். கேட்கும்போது சிலருக்குக் குரல் உண்மையாகவே உடைந்துவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது என்ன ஆட்டம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

9 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு குலுக்கிக் கொடுத்ததும் 2 பேர் மாஃபியா, ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்டர், மற்ற 5 பேர் சாதாரண ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். அவரவர் சீட்டு அவரவருக்கு மட்டும் தெரியும். "ராத்திரி" என்றதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். மாஃபியா இருவர் மட்டும் கண் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓர் ஆளைக் கை காட்டுவார்கள். அவர் காலி. அதன்பின் டாக்டர் ஒருவரைக் காப்பாற்றலாம். போலீஸ் ஒருவரைக் காட்டி, அவர் மாஃபியாவா என்று நடத்துபவரிடம் சைகையில் கேட்டுக்கொள்ளலாம். விடிந்ததும் பேச்சு, சந்தேகம், கடைசியில் ஓட்டு. பாதிக்கு மேல் கை உயர்ந்தால் அந்த ஆள் வெளியே. எங்கள் இடத்தில் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாஃபியா எல்லோரையும் வெளியேற்றினால் ஊர் ஜெயிக்கும். மாஃபியாவும் ஊரும் சம எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் மாஃபியா ஜெயித்தது.

1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி டேவிடாஃப் உருவாக்கியது இது. 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாவை ஓநாய் மனிதர்களாக மாற்றி அமைத்தார். வேர்வுல்ஃப் என்ற பெயரில் பரவியது அதுதான். நமக்குச் சின்ன வயதிலேயே ராஜா ராணி போலீஸ் திருடன் சீட்டு இருந்தது. மலையாளப் பிள்ளைகள் கள்ளனும் போலீசும் என்பார்கள். சீட்டைப் பிரித்த அந்த நொடியில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்கிற பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது.

நான் ஊர்க்காரன். திடீரென்று என் பேரைச் சொல்லிவிட்டார்கள். முதல் வாயில் என்ன சொல்வது?

காரணத்தைக் கேளுங்கள். "என்னை ஏன் நினைக்கிறீங்க?" என்று, சண்டைக்குப் போகிற தொனி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். உங்கள் பேரைச் சொன்னவருக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். அது அற்பமாக இருக்கலாம், தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பொதுவாக நான் நல்லவன் என்று பேசினால் அந்தக் காரணம் தொடப்படாமல் அப்படியே நடுவில் கிடக்கும். ஓட்டு விழும்போது எல்லோருக்கும் ஞாபகம் வருவதும் அதுதான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மழை இல்லாத சாயங்காலம், அதனால் மாடி அமைதியாக இருந்தது. ராத்திரியில் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சு கிரீச்சென்றது. விடிந்ததும் கம்பத்துப் பையன் ஒருவன் மேல் நான்கு விரல்கள் நீண்டன. "உன் பக்கம்தான்ப்பா சத்தம் கேட்டுச்சு." அவன் "சத்தியமா நான் இல்லண்ணே, நான் இல்லவே இல்ல" என்று நாலு தடவை சொன்னான். வெளியேற்றப்பட்டான். சீட்டைத் திருப்பினால் ஊர்க்காரன். அடுத்த வாரம் அதே பெஞ்சு, அதே சத்தம். இந்த முறை வண்டன்மேட்டுச் சேச்சி மேல் பேச்சு வந்தது. அவர் எழுந்து பெஞ்சின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தார். இந்த முனை கிரீச்சிட்டது. "யாரு அசைஞ்சாலும் இந்தப் பக்கம்தான் சத்தம் வரும். நாலு பேர் உக்காந்திருக்கோம். இப்ப நாலு பேரையும் கேளுங்க." 20 நொடிகூட ஆகவில்லை. சந்தேகம் அவர் ஒருவர் மேலிருந்து நாலு பேருக்கும் பரவிவிட்டது, பேச்சும் முன்னால் நகர்ந்தது. இருவருமே நிரபராதிகள்தான். சேச்சி கையில் மட்டும் மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று இருந்தது.

(அதற்குப் பிறகு ராத்திரி நேரத்தில் எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பது என்று விதி வைத்துவிட்டோம். சத்தத்தை வைத்து ஆளைப் பிடிப்பது நல்ல ஆட்டம் ஆகாது.)

"நான் மாஃபியா இல்லை" என்று அழுத்திச் சொன்னால் என்ன தப்பு?

தப்பு ஒன்றுமில்லை, பயனும் இல்லை. மாஃபியாவும் அதே வார்த்தையைத்தான் சொல்லப் போகிறான். இரண்டு பேரும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது.

எங்கள் ஊருக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் மேலே விடுவார்கள். இரண்டு மாநிலத்து ஜனமும் காட்டு வழியே ஏறிப் போகும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான் அந்த வழக்கைத்தான் நினைப்பேன். கோவலனுக்குப் பேசவே வாய்ப்புக் கொடுக்கவில்லை. பிறகு சபையில் வந்து நின்ற கண்ணகி, தன் கணவன் உத்தமன் என்ற பேச்சோடு நிறுத்தவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. எல்லோர் கண் முன்னாலும் சரிபார்க்க முடிந்த ஒரு விஷயம் அது.

ஆட்டத்தில் உங்களிடம் சிலம்பு இருக்காது, ஓட்டு இருக்கும். யார் யாருக்குக் கை தூக்கினார்கள் என்பது எல்லோர் முன்னாலும் நடந்தது. கூடலூர் அக்கா ஒருவர் ஏலக்காய்க் கடை ரசீதின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டையும் வரிசையாகக் குறித்து வைப்பார். ஒரு முறை அவர் மேலேயே பேச்சு திரும்பியது. ரசீதை நடுவில் வைத்தார். முதல் பகலில் 8 பேர் மிச்சம், வெளியேற்ற 5 கை வேண்டும். 4 கை உயர்ந்து நின்றபோது ஐந்தாவதாகத் தூக்கியது அவர். அன்று வெளியேறியது மாஃபியா. "நானும் மாஃபியாவா இருந்தா அந்த அஞ்சாவது கையை ஏன் தூக்கணும்? சும்மா இருந்திருந்தா அவன் பிழைச்சிருப்பானே?" அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளியேறியவன் மாஃபியா என்று தெரிந்ததும் "நானும் அவனுக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்கெனவே 6 கை உயர்ந்த பிறகு ஏழாவதாகத் தூக்கிய கைக்கு மதிப்பே இல்லை. கூட்டாளி எப்படியும் போகப் போகிறான் என்றால் மாஃபியாவே அவனைத் தள்ளிவிட்டு நல்ல பேர் வாங்கும். முடிவை மாற்றிய கை எது என்று பாருங்கள். அது உங்களுடையதாக இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

ஒரு ஆட்டம்தானே? என்னை வெளியேற்றினால் வெளியேற்றட்டுமே.

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பாருங்கள். 9 பேரில் முதல் ராத்திரி ஒருவர் போனால் 8 பேர், அதில் மாஃபியா 2. உங்களைத் தப்பாக வெளியேற்றினால் 7. அடுத்த ராத்திரி 6. இன்னொரு தப்பு, 5. அதற்கடுத்த ராத்திரி 4 பேர். மாஃபியா 2, ஊர் 2. முடிந்தது. டாக்டர் யாரையும் காப்பாற்றவில்லை என்றால் ஊரைத் தோற்கடிக்க இரண்டே இரண்டு தப்பு போதும். நீங்கள் விட்டுக்கொடுத்துப் போனால் அதில் ஒன்றைச் செலவழித்துவிட்டீர்கள். ரோஷப்பட்டு "சரி, போடுங்கப்பா ஓட்ட" என்று நான் ஒரு முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை நம்பி இருந்த டாக்டர் அன்று ராத்திரியே போனார், மறுநாள் ஊரே குழம்பித் தோற்றது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் சீட்டு உங்களுடையது மட்டும் இல்லை, இன்னும் ஆறு பேர் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாஃபியா கொஞ்சப் பேராக இருந்தாலும் எவ்வளவு பலம் என்பதற்குக் கணிதமே இருக்கிறது. போலீஸ் இல்லாத ஆட்டத்தில் மொத்த ஆட்களின் வர்க்கமூலம் என்கிற அளவில் மாஃபியா இருந்தாலே இரு தரப்புக்கும் ஓரளவு சமவாய்ப்பு வந்துவிடும் என்று 2008இல் மூன்று ஆய்வாளர்கள் நிறுவிக் காட்டினார்கள்.

பதில் சொல்லச் சொல்ல சந்தேகம் கூடிக்கொண்டே போகிறது. ஏன்?

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல" கதைதான். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறீர்கள். பெஞ்சுச் சத்தத்தைக் கேட்டால் பெஞ்சுச் சத்தத்துக்கு மட்டும் பதில். அதோடு உங்கள் சந்தேகம் யார் மேல், ஏன் என்று ஒரு வரி. நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குமேல் பேசினால் கேட்பவர்கள் வார்த்தைகளை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்குக் குரல் நடுங்கும், முகம் சிவக்கும், கண்ணைப் பார்த்துப் பேச வராது. அதை வைத்தே மாட்டிக்கொள்கிறேன்.

குமுளிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பையில் இரண்டு சேலையும் ஒரு பாக்கெட் மிக்சரும்தான் இருக்கும். இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை ஜிப்பைத் தேடும். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். நான் இந்தச் சாவடியைத் தாண்டாத வாரம் இல்லை, பழமொழி இங்கே பொய்த்துப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சந்தேகத்தோடு பார்க்கப்படுவதே பதற்றம் தரும். கனம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

இதைப் பற்றிய ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. ஒருவர் பொய் சொல்கிறாரா உண்மை சொல்கிறாரா என்று மற்றவர்கள் தீர்மானித்த பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2006இல் பாண்ட், டிபாலோ என்ற இருவர் கணக்கிட்டார்கள். சராசரியாக 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு 75 நாடுகளில், 43 மொழிகளில் பொய்யனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டது. உலகம் முழுக்க அதிகம் வந்த பதில், கண்ணைப் பார்க்க மாட்டான் என்பது. ஆக, எல்லோரும் ஒரே அடையாளத்தை நம்புகிறோம். அதை நம்பித் தீர்ப்புச் சொன்னால் பாதிக்குப் பாதி தப்பாகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, பதற்றத்தை மறைக்கப் பார்க்காதீர்கள். "நான் எப்பவும் இப்படித்தான். போன ஆட்டத்துல ஊர்க்காரியா இருந்தப்பவும் கை நடுங்குச்சே, பார்த்தீங்கல்ல?" என்று நேராகச் சொல்லுங்கள். போன ஆட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும், அது சரிபார்க்கக்கூடியது. இரண்டாவதற்கு நாள் ஆகும். எந்தச் சீட்டு வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பழகுங்கள். முதல் இரண்டு நிமிடத்திலேயே ஏதாவது பேசிவிடுங்கள். ஊர்க்காரராக வந்தால் மட்டும் கலகலப்பு, மாஃபியாவாக வந்தால் வாயடைப்பு என்று இருந்தால் மூன்றாவது வாரம் எல்லோரும் உங்களைப் படித்துவிடுவார்கள்.

நான் அதிகம் பேசாத ஆள். அமைதியாக இருந்தாலே குற்றவாளியா?

பேசாதவர் மேல் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மாஃபியாவுக்கு மறைந்திருப்பது லாபம். ஆனால் உங்களை மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பகலுக்கு ஒரு வாக்கியம் போதும். "இப்ப எனக்கு ஜன்னலோர அண்ணன் மேல சந்தேகம், ஏன்னா நேத்து அவர் கடைசி வரைக்கும் கை தூக்கல." பேர் ஒன்று, காரணம் ஒன்று. அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டு உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

என் தாய்மொழி மலையாளம். தமிழில் வார்த்தை தேடும்போது பொய்யை யோசிப்பதாக நினைக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எழுப்பியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், ஏனென்றால் நாங்கள் பல மாதம் இதைக் கவனிக்கவே இல்லை. குமுளிச் சேட்டன் ஒருவர் தொடர்ந்து முதல் பகலிலேயே வெளியேறிக்கொண்டிருந்தார். பேர் சொன்னதும் ஒரு நொடி நிறுத்துவார், மேலே பார்ப்பார், பிறகு மெதுவாகப் பேசுவார். பக்கா மாஃபியா என்று எல்லோரும் கை தூக்குவார்கள். ஒரு நாள் அவர் பொறுமை இழந்து "எடோ, ஞான் வாக்கு தெரயுகயாணு!" என்றார். வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். மலையாளத்தில் அதே பதிலைச் சொல்லச் சொன்னோம். தடையில்லாமல் அருவி மாதிரி கொட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. பேர் சொல்லப்பட்டவர் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். புரியாதவர்களுக்கு ஆட்டத்தில் இல்லாதவர் அல்லது நடத்துபவர் சொல்லிக் கொடுப்பார். இந்தப் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே காதில் பழகியதுதான், ஒரு சில வார்த்தைக்குத்தான் உதவி தேவைப்படும். அதே நேரம், பகல் நடக்கும்போது இரண்டு பேர் தங்களுக்குள் தனியாகக் குசுகுசுப்பது தமிழானாலும் மலையாளமானாலும் கூடாது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி பேசச் சொல்லுங்கள். மொழியை வைத்து ஓர் ஆள் மேல் சந்தேகப்படுவது எங்கள் மாடியில் நடக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மலைக்குக் கீழேயும் மேலேயும் எதற்கெல்லாமோ அப்படி நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்து உட்காருகிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது: பேசத் தொடங்கும் முன் "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன், தமிழ்ல வரல" என்று சொல்லிவிடுங்கள். இடைவெளிக்கு ஒரு பேர் வைத்துவிட்டால் அதை வேறு யாரும் வேறு பேர் சொல்லி அழைக்க முடியாது.

அம்மா மேல் சத்தியம், குலசாமி மேல் சத்தியம் பண்ணலாமா?

கூடாது. எங்கள் இடத்தில் இது முதல் விதி.

பக்தியை முன்னிட்டு மட்டும் சொல்லவில்லை. ஒரு பையன் ஊர்க்காரனாக இருந்தபோது மாட்டிக்கொண்டு "எங்கம்மா மேல சத்தியம்" என்றான். எல்லோரும் நம்பிவிட்டார்கள், அவன் தப்பித்தான். அடுத்த ஆட்டத்தில் அவன் பேர் வந்ததும் ஒருவர் "அம்மா மேல சத்தியம் பண்ணு, விட்டுர்றோம்" என்றார். அதிலும் ஊர்க்காரன், பண்ணினான். மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்கு மாஃபியா சீட்டு. சத்தியம் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகம் எப்படி வெளுத்தது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொய்ச் சத்தியம் செய்ய மனசு வரவில்லை, ஆட்டத்தையும் விட முடியவில்லை. சத்தியத்துக்கு ஒரு முறை வழி விட்டால் அதன்பின் பண்ணாதவர் எல்லாம் மாஃபியா என்றாகிவிடும். ஆட்டம் அங்கேயே செத்துவிடும். பண்ணினால் மனசில் ஒரு முள். அதனால் "சத்தியமா" என்று பேச்சுவாக்கில் வந்தாலும் நடத்துபவர் நிறுத்துவார், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்வார்.

கார்த்திகை பிறந்தால் இன்னொன்று வரும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் விரத நாளில் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல விரும்புவதில்லை. அந்த இரண்டு மாதமும் எங்கள் ஆட்டத்தை அவர்கள்தான் நடத்துவார்கள், எனக்கும் ஆட வாய்ப்புக் கிடைக்கும். நடத்துபவருக்குப் பொய்யே கிடையாது, எல்லா உண்மையும் தெரிந்து வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். "சாமி, கண்ண மூடச் சொல்லுங்க சாமி" என்று அந்த மாதங்களில் மாடியில் கேட்கும்.

என்னைச் சொன்னவர் மேலேயே பழியைத் திருப்பிவிடலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். "அவன்தான் மாஃபியா, அதான் என்னச் சொல்றான்." கணக்கு உங்களுக்கு எதிராக இருக்கிறது. 8 பேர் இருக்கும்போது உங்களை விட்டால் 7 பேர், அதில் மாஃபியா 2, ஊர்க்காரர் 5. வேறு தகவல் எதுவும் இல்லாவிட்டால் உங்கள் பேரைச் சொன்னவர் உங்களைப் போலவே குழம்பிப்போன ஊர்க்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவரோடு மோதினால் இரண்டு நல்லவர்கள் அடித்துக்கொள்வதை மாஃபியா இரண்டு பேரும் நிம்மதியாக வேடிக்கை பார்ப்பார்கள்.

அவர் கேள்வியை மதித்துப் பதில் சொல்லுங்கள். பிறகு அவரையே கூட்டாளியாக்கப் பாருங்கள். "அக்கா, நீங்க என்ன சந்தேகப்படறது சரிதான், நான் கை தூக்க லேட் பண்ணேன். ஆனா எனக்கும் முன்னால லேட் பண்ணது யாரு?" என்று கேட்டால் அவருடைய கவனம் உங்களோடு சேர்ந்து வேறு திசைக்குத் திரும்பும். தன் காரணத்தைக் கேட்டும் சொல்லாதவர், பதில் சொன்ன பிறகு காரணத்தை மாற்றிக்கொண்டே போகிறவர், உங்கள் பேரைத் தொடங்கிவிட்டு ஓட்டின்போது கையை இறக்கிக்கொண்டவர் இவர்கள் மேல் சந்தேகம் திருப்புங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

நான் போலீஸ். மாட்டிக்கொண்டேன். சொல்லிவிடலாமா?

ஓட்டுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். வெளியேறிய பிறகு போலீஸ் சீட்டைத் திருப்பிக் காட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை. சொல்லும்போது வரிசையாகச் சொல்ல வேண்டும்: முதல் ராத்திரி யாரைப் பார்த்தேன், என்ன பதில் வந்தது, இரண்டாவது ராத்திரி யாரை, என்ன பதில். தயங்காமல் வர வேண்டும், ஆகவே ராத்திரியே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி மாஃபியா உங்களைத்தான் குறிவைக்கும்; டாக்டர் காதில் விழும்படி அதையும் சொல்லிவிடுவது நல்லது.

இதில் பெரிய தப்பு ஒன்று நடக்கிறது. சாதாரண ஊர்க்காரர் உயிர் பிழைக்க "நான்தான் போலீஸ்" என்று பொய் சொல்வார். உடனே உண்மையான போலீஸ் இரண்டில் ஒன்று செய்ய வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டால் ஊர் பொய்த் தகவலை நம்பி நடக்கும். வெளியே வந்து மறுத்தால் அன்று ராத்திரியே மாஃபியாவுக்கு இரையாவார். உங்கள் ஒரு சீட்டைக் காப்பாற்ற ஊரின் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த கணக்கு. சாதாரண ஊர்க்காரர் என்றால் சாதாரண ஊர்க்காரர் என்றே சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, ஊரில் பெரும்பான்மை அவர்கள்தான்.

நான் நிஜமாகவே மாஃபியா. அப்போது?

மேலே சொன்னதையெல்லாம் ஊர்க்காரர் செய்வது போலவே செய்யுங்கள். ராத்திரி நடந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும் பொய் குறைவாக இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதும் குறைவு. கூட்டாளிக்காக முதல் ஆளாக எழுந்து வக்காலத்து வாங்காதீர்கள். அவன் போனபின் எல்லோரும் யார் பரிந்து பேசினது என்றுதான் யோசிப்பார்கள்.

போனில் அமாங் அஸ் ஆடும்போதும் இதே முறைதானா?

2018இல் வந்து 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு பரவிய ஆட்டம் அது. விண்கலத்தில் வேலை செய்கிறவர்களுக்குள் ஒளிந்திருக்கும் வேடக்காரனைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே இடம் இருக்கிறது, அதனால் தற்காப்பு எளிது. எங்கே இருந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்ற நாலையும் ஒரே வரியில் போடுங்கள். மெட்பே என்கிற மருத்துவ அறையில் ஸ்கேன் செய்யும் வேலை மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி அமைப்பில் வைத்திருந்தால் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து அதைச் செய்யுங்கள். வேடக்காரனால் அதைச் செய்து காட்ட முடியாது.

பேச்சு முற்றிவிட்டது. நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. என்ன செய்வது?

நடத்துபவரிடம் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம்.

இந்த விதி வந்த நாளை மறக்க முடியாது. மாமன் மச்சான் இருவர் ஆடினார்கள். சந்தேகம் சூடாகி, ஒருவர் "நீ எப்பவும் பொய் சொல்றவன்தானே, அந்தச் சீட்டுப்பணத்துல என்ன பண்ணேன்னு தெரியாதா?" என்றார். மாடியே அமைதியானது. அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார், பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் பின்னாலேயே போய் ஸ்டாண்டில் அவரோடு நின்றேன். இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை. வெளிவிஷயத்தை உள்ளே கொண்டுவந்து ஒருவரைப் பொய்யர் என்று காட்டுவதை நான் அன்றே தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. இப்போது சந்தேகத்துக்கான காரணம் இந்த ஆட்டத்துக்குள், இன்று நடந்ததாக இருக்க வேண்டும். "உன்ன எனக்குத் தெரியாதா" என்று தொடங்கும் வாக்கியத்தை அங்கேயே வெட்டிவிடுவேன்.

உங்கள் மேல் அப்படி ஒரு வார்த்தை விழுந்தால் அதற்குப் பதில் சொல்லாதீர்கள். "அது வெளிய. ஆட்டத்துல நான் என்ன பண்ணேன், அதைச் சொல்லு" என்பது போதும்.

எல்லாம் செய்தும் ஓட்டு விழுந்துவிட்டது. கடைசி வார்த்தை என்று 20 நொடி கொடுக்கிறீர்களே, அதில் என்ன சொல்ல?

"பாருங்க, நான் சொன்னேன்ல" என்பதில் அந்த 20 நொடியைக் கரைக்காதீர்கள். சீட்டு திரும்பியதும் நீங்கள் ஊர்க்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த நொடியிலிருந்து மாடியில் முழுதாக நம்பத்தகுந்த ஒரே பேச்சு உங்களுடையதுதான். உங்கள் மேல் முதலில் பேரைச் சொன்னது யார், காரணமே சொல்லாமல் கூடவே கை தூக்கியது யார், உங்களுக்காகப் பேசிவிட்டுக் கடைசியில் நழுவியது யார் என்று மூன்று பேரைச் சொல்லுங்கள். கூடலூர் அக்கா மாதிரி ரசீது வைத்திருந்தால் அதைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

வெளியேறியவர் அடுத்த ராத்திரி கண்ணை மூட வேண்டியதில்லை. மாஃபியா யார் என்று அப்போது பார்த்துவிடுவீர்கள். பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று தோன்றினால், அடுக்களைக்குப் போய் எல்லோருக்கும் கட்டஞ்சாயா போடுங்கள். ஏலக்காய் மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.